இரண்டாவது மாத்திரையில்தான் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தூங்கும்போதே பல் சிகிச்சை, பயமே வேண்டாம்' என்ற வரியைப் பல் கிளினிக் பலகைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் இப்போது அடிக்கடி பார்க்கிறோம். அந்த ஒரு வரிக்குள் மூன்று வேறுவேறு முறைகள் அடங்கியிருக்கின்றன. மூக்கில் சின்னக் கவசம் வைத்துக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு ஒன்று. நரம்பில் ஊசி போட்டுத் தருவது இன்னொன்று. மூன்றாவது, விழுங்கும் மாத்திரையோ சிரப்போ. மூன்றிலும் எளிதாகத் தெரிவது மாத்திரைதான்: செலவில்லை, கருவியில்லை, குத்தலில்லை. கட்டுக்குள் வைக்கக் கடினமானதும் அதுதான். அது ஏன் என்று விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பேச்சில் எல்லாமே 'மயக்க மருந்து'. ஈறு மரத்துப்போகப் போடுவதும் மயக்க ஊசி, ஆபரேஷன் தியேட்டரில் நினைவிழக்கச் செய்வதும் மயக்க ஊசி. பயம் தணியக் கொடுக்கும் மாத்திரை இந்த இரண்டு வேலைகளையும் செய்யாது. அது வலியைக் குறைக்காது. மாத்திரை போட்ட பிறகும் ஈறு மரக்க ஊசி போட்டே ஆக வேண்டும். அது தூங்க வைப்பதற்கும் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நோயாளி கண் திறக்க வேண்டும், 'வாயைத் திறங்க' என்றால் தானே திறக்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் உண்மையிலேயே தூங்கிவிட்டார் என்றால், நினைத்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்று பொருள். அதனால்தான் விளம்பரத்தில் வரும் 'தூங்கும்போதே' என்ற சொல் எங்களுக்கு உறுத்துகிறது.

பெரியவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படுபவை பென்சோடயசிபைன் வகை மருந்துகள். டயசிபாம் 5 மி.கி. மாத்திரையை முதல் நாள் இரவு ஒன்று, சிகிச்சைக்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பு ஒன்று எனக் கொடுப்பது பழைய வழக்கம். அல்பிரசோலம் 0.25 அல்லது 0.5 மி.கி., லோரசிபாம் 1 மி.கி. ஆகியவையும் உண்டு. வயதானவர்களுக்கு இதில் பாதி. அமெரிக்காவில் பல் டாக்டர்கள் அதிகம் பயன்படுத்தும் டிரையசோலம் சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். நம் ஊரில் கைக்குக் கிடைக்கும் டயசிபாம் அப்படியல்ல. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். உடலுக்குள் அதிலிருந்து உருவாகும் பொருள் இன்னும் நாள்கணக்கில் தங்கும். அரை மணி நேரப் பல் வேலைக்காக இரண்டு நாள் மந்தம் என்பதை நோயாளியிடம் முன்பே சொல்ல வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அல்பிரசோலம் விழுங்கி 1 முதல் 2 மணி நேரத்தில்தான் ரத்தத்தில் உச்சத்தை எட்டும். லோரசிபாம் சுமார் 2 மணி நேரம் எடுக்கும். பல் கிளினிக்கில் அவ்வளவு பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. 10 மணிக்கு மாத்திரை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10.40க்கு நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தால், கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 'மருந்து பிடிக்கவில்லை, இன்னொன்று கொடு' என்கிறார்கள். 11 மணிக்கு வேலை தொடங்குகிறது. ட்ரில் சத்தம், இழுவை, அழுத்தம் எல்லாம் அவரை விழிப்பாகவே வைத்திருக்கின்றன. 11.45க்குப் பல் வெளியே வந்துவிடுகிறது, சத்தம் நிற்கிறது, எழுப்பிக்கொண்டிருந்த எதுவும் இப்போது இல்லை. முதல் மாத்திரை உச்சத்தில் இருக்கும்போதே இரண்டாவதும் உச்சத்துக்கு ஏறுவது சரியாக அந்த நேரத்தில்தான். அப்போது அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே அடுத்த நோயாளிக்கு வாய் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நரம்பு வழியே கொடுக்கும்போது துளித்துளியாகக் கொடுத்து, நோயாளியைப் பார்த்து நிறுத்தலாம். வயிற்றுக்குள் போன மாத்திரையை நிறுத்தவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் இதை நேராகவே சொல்கிறது. வீட்டில் கண்காணிப்பின்றிப் போட அனுமதிக்கப்பட்ட உச்ச அளவைத் தாண்டினாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தைச் சேர்த்தாலோ அது லேசான தணிப்பு ஆகாது. அதைவிட ஆழமான அடுத்த படிக்குரிய பயிற்சி, ஆள், கருவி எல்லாம் அப்போது இருந்தாக வேண்டும். மாத்திரை பிடிக்கவில்லையா? இன்னும் அரை மணி நேரம் காத்திருக்கலாம். அப்படியும் இல்லையென்றால் அன்றைய வேலையைத் தள்ளிப்போட்டு, அடுத்த முறை வேறு அளவையோ வேறு முறையையோ யோசிக்கலாம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர் முகம் சுளிப்பார்தான். சுளிக்கட்டும்.

மாத்திரை ஒருவருக்கு ஏன் பிடிக்காமல் போகிறது என்று கேட்டால், பாதி விடை அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளில் இருக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவரின் கல்லீரல், இதே பென்சோடயசிபைன் வகையைச் சேர்ந்த மிடசோலத்தை வந்த வேகத்தில் கரைத்துவிடும். வாய் வழியே கொடுத்த மருந்து அநேகமாக வேலையே செய்யாது. முகநரம்பு வலிக்குக் கார்பமசிபைன் எடுப்பவரும் இதே கணக்கு. இவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது என்று ஏற்றிக்கொண்டே போவது அறியாமையில் செய்யும் வேலை. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான ஃபுளுகோனசோல், ரத்த அழுத்தத்துக்கான டில்டியசெம், கிரேப்ஃப்ரூட் சாறு ஆகியவை மிடசோலம், அல்பிரசோலம் போன்றவை உடைவதைத் தடுக்கும். அவற்றை எடுப்பவரிடம் சாதாரண அளவே பெரிய அளவாகிவிடும். (கிரேப்ஃப்ரூட் என்றால் திராட்சை அல்ல, பம்பளிமாஸுக்கு உறவான பழம். திராட்சையைத் தவிர்த்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் உண்டு.) இந்தப் பட்டியலில் உள்ள கிளாரித்ரோமைசினையும் ஃபுளுகோனசோலையும் எழுதித் தருவது பெரும்பாலும் அதே பல் டாக்டர்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதவருக்கு முதலாவது, வாய்ப்புண் பூஞ்சைக்கு இரண்டாவது.

வலிக்கு டிரமடால் சேர்ப்பது இன்னும் மோசம். ஓபியாய்டு வகை வலி மருந்தும் பென்சோடயசிபைனும் சேர்ந்தால் மூச்சு அடங்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-ல் மருந்தோடு வரும் விவரத் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. மது அருந்தும் பழக்கம் உள்ளவரைக் கேட்டால் 'எப்போதாவது' என்பார். தனியாக வைத்து இன்னொரு முறை கேட்க வேண்டும். குறட்டையையும் அப்படியே: அதை அவரிடம் கேட்பதில் பயனில்லை, உடன் வந்த மனைவியிடம் கேட்க வேண்டும். உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுபவருக்கு மாத்திரைத் தணிப்பு வேண்டாம். கர்ப்பிணிகள், மயஸ்தீனியா என்னும் தசைத் தளர்ச்சி நோயுள்ளவர்கள், நுரையீரல் நோய் முற்றியவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம்.

'வெறும் வயிற்றில் வாங்க' என்றால் நம் மக்கள் காபி குடித்துவிட்டு வருவார்கள். காபி அவர்கள் கணக்கில் சாப்பாடு இல்லை. ஆனால் மயக்கவியல் கணக்கில் பால் கலந்த எதுவும் உணவுதான். தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, மாட்டுப்பாலுக்கும் லேசான பலகாரத்துக்கும் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒற்றை மாத்திரையோடு நிற்கும் பெரியவருக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. குழந்தைகளுக்கும் அடுத்த படித் தணிப்புக்கும் இதில் தளர்வு கிடையாது. சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பட்டினியே தனிப் பிரச்சினை. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக வந்தவர் வியர்த்து, குழறி, கண் சொக்கிக் கிடந்தால் 'மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது' என்று தோன்றும். விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால்தான் உண்மை தெரியும். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக அசந்திருக்கும் யாருக்கும் முதலில் செய்ய வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

குழந்தைகள் விஷயத்தில் சற்று நிற்க வேண்டும். மிடசோலம் வாய் வழியே கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மி.கி.; எடை எவ்வளவாக இருந்தாலும் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 15 கிலோ குழந்தைக்கு மேல் அளவு 7.5 மி.கி. நம் ஊரில் பல இடங்களில் ஊசி மருந்தையே தேனிலோ சிரப்பிலோ கலந்து கொடுக்கிறார்கள். அந்த ஊசி மருந்து ஒரு மில்லிக்கு 1 மி.கி., ஒரு மில்லிக்கு 5 மி.கி. என இரண்டு செறிவுகளில் வருகிறது. முதலாவதில் 7.5 மில்லி எடுக்க வேண்டும், இரண்டாவதில் 1.5 மில்லி. குப்பியை மாற்றி எடுத்தால் குழந்தைக்குப் போவது ஐந்து மடங்கு. அளவை மில்லியில் சொல்லக் கூடாது, மில்லிகிராமில்தான் சொல்ல வேண்டும். ஒருவர் எடுக்க, மற்றவர் குப்பியின் லேபிளை உரக்கப் படிக்க வேண்டும். ஊசி மாட்ட முடியாத, வாய்க்கு மட்டுமான சிரிஞ்சில் எடுப்பது நல்லது. வாய்க்கு எடுத்த அளவு தவறி நரம்புக்குள் போனால் விளைவு மிக மோசமாக இருக்கும்.

மருந்து கசக்கும். குழந்தை பாதியைத் துப்பிவிடும். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாத அந்த நிலையில் மறுபடி கொடுக்கக் கூடாது. சில குழந்தைகள் அடங்குவதற்குப் பதில் கத்தி, உதைத்து, அடையாளமே தெரியாமல் மாறிவிடுவார்கள். அதுவும் மருந்தின் வேலைதான். 'போதவில்லை' என்று கூட்டினால் நிலைமை கெடும். மருந்து பிடித்த பிறகு வேலைக்குக் கிடைப்பது சுமார் 20 முதல் 30 நிமிடம். நான்கு பற்களை ஒரே நாளில் முடித்துவிடும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

குழந்தைகளைத் தூங்க வைக்கும் டிரைக்ளோபாஸ் என்ற சிரப் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் தாக்கம் நீண்ட நேரம் நிற்கும், அதற்கு முறிமருந்தும் கிடையாது. குழந்தைக்கு எந்தத் தணிப்பு மருந்தையும் வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவரச் சொல்வது தவறு. வழியில் மூச்சு அடங்கினால் பார்ப்பதற்கு ஆளில்லை.

மரப்பு ஊசியின் அளவும் இதோடு சேரும். 2 சதவீத லிக்னோகெயினில் ஒரு மில்லிக்கு 20 மி.கி. இருக்கிறது. குழந்தைக்குக் கிலோவுக்கு 4.4 மி.கி. என்பது எல்லை. 15 கிலோவுக்கு 66 மி.கி., அதாவது 3.3 மில்லி. நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் 30 மில்லி குப்பியிலிருந்து எடுப்பதால் இந்தக் கணக்கு கண்ணில் படாமலே போய்விடும். தணிந்திருக்கும் குழந்தை தலை சுற்றுகிறது, நாக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றும் சொல்லாது.

சிகிச்சை நடக்கும்போது கவனிக்க வேண்டியதில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறோம். வாய் மூடாதிருக்கக் கடைவாயில் ரப்பர் முட்டு வைப்பது பல கிளினிக்குகளில் வழக்கம். தணிப்பில் இருப்பவருக்கு அது வேண்டாம் என்போம். தானாக வாயைத் திறந்து வைத்திருப்பதுதான் அவர் விழிப்பாக இருக்கிறார் என்பதற்கு மிக நல்ல அடையாளம். வாய் மெல்ல மூடத் தொடங்கினால் தணிப்பு ஆழமாகிறது. முட்டு வைத்துவிட்டால் அந்த மணி அடிக்காமலே போகும். இன்னொன்று, கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது டாக்டர் தாடையைக் கீழே அழுத்துகிறார். தணிந்திருப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும். உதவியாளர் தாடையின் மூலையில் விரல் கொடுத்து மேலே தாங்க வேண்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கட்டாயம் வேண்டும். ஆனால் அது தாமதமாகச் சொல்லும் சாட்சி. மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சு அடங்கிய பிறகும் சிறிது நேரம் 98 என்றே காட்டும். மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பேச வைக்க வேண்டும். நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் எண்ணைக் குழப்பும். வேறு விரலுக்கு மாற்ற வேண்டும். பல்லைப் பார்க்கும் டாக்டரே இதையும் பார்த்துக்கொள்ள முடியாது. இதற்கென்றே இன்னோர் ஆள் வேண்டும். நோயாளியோடு டாக்டர் ஒருபோதும் தனியே இருக்கக் கூடாது என்பதற்கும் இது பொருந்தும். இந்த மருந்துகள் நினைவைக் குழப்பும், இல்லாததை நடந்ததாகவும் தோன்ற வைக்கும். மூன்றாவது ஆள் இருப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

பதில் வரவில்லை என்றால் செய்ய வேண்டிய வரிசை இது. வேலையை நிறுத்தி, வாயிலுள்ள பஞ்சை எடுத்து, எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்ச வேண்டும். தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். மூச்சு போதவில்லை என்றால், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையால் பெரியவருக்கு 5, 6 நொடிக்கு ஒரு மூச்சு. அதற்குள் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பென்சோடயசிபைன்களுக்கு முறிமருந்தான ஃபுளுமசெனில் பெரியவருக்கு 0.2 மி.கி. நரம்பில் போட்டு, தேவைப்பட்டால் ஒரு நிமிட இடைவெளியில் திரும்பவும், மொத்தம் 1 மி.கி. வரை. இது அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது, நரம்பில் ஊசி ஏற்றத் தெரிந்த கையும் வேண்டும். அதன் வேலையும் சுமார் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டயசிபாம் அதற்குப் பிறகும் உள்ளே இருப்பதால் நோயாளி மறுபடி சொக்கலாம். முழித்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நாள்பட்டுத் தூக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த முறிமருந்தே வலிப்பைக் கொண்டுவரலாம்.

இவ்வளவு ஏற்பாடு செய்ய முடியாத கிளினிக்கில் என்ன வழி? பயத்தின் வேர் எது என்று முதலில் கேட்கலாம். ஊசிக்குப் பயப்படுபவருக்கு, மரப்பு ஜெல் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்ற வேகத்தில் மெல்லச் செலுத்தினாலே பாதிப் பயம் போய்விடும். 'கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன்' என்று சொல்லி, தூக்கியதும் நிஜமாகவே நிறுத்துவது பலரிடம் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். நைட்ரஸ் ஆக்சைடு சில நிமிடங்களில் பிடிக்கும். நிறுத்திவிட்டு 5 நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்தால் தெளிந்துவிடும், பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 டிசம்பரில் இதைத் தன் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத்தான் முதலில் பயன்படுத்திப் பார்த்தார். நம் ஊரில் கருவியின் விலைதான் தடை. மூக்கடைப்பு இருந்தாலும் பயன்படாது.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் 'ஒரே ஒரு தூக்க மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அல்பிரசோலம், டயசிபாம், மிடசோலம், டிரமடால் நான்கும் 2014 மார்ச் 1 முதல், சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ளவை. சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதைவிட ஆபத்து, போட்டுக்கொண்டதை டாக்டரிடம் சொல்லாமல் நாற்காலியில் ஏறுவது. அவர் கொடுக்கும் முதல் மாத்திரை அப்போது உங்களுக்கு இரண்டாவது.

ஒப்புதல் கையெழுத்தை மாத்திரை விழுங்குவதற்கு முன்பே வாங்க வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியதையும் முன்பே, உடன் வந்தவரிடம், எழுத்தில் தர வேண்டும். நோயாளிக்கு அன்று சொன்னது எதுவும் நாளை நினைவிருக்காது. திரும்பும் பயணம் இரு சக்கர வண்டியில் வேண்டாம். பின்னால் உட்காருவதும் கூடாது. குழந்தையை இருவருக்கு நடுவே செருகி உட்கார வைப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். தலை முன்னால் தொங்கி, மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை மடங்கும், அது ஓட்டுபவருக்குத் தெரியாது. ஆட்டோவோ காரோ பிடித்து, ஒருவர் குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்தபடி வர வேண்டும். மரத்த உதட்டைக் குழந்தை கடித்துக் குதறாமல் 2, 3 மணி நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டுவது, அடுப்பில் நிற்பது, பத்திரத்தில் கையெழுத்திடுவது எதுவும் வேண்டாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் போக வேண்டும். வயதானவர் இரவில் எழுந்தால் கூடவே ஒருவர் எழ வேண்டும்.

மாலையில் கிளினிக்குக்குப் போன் வரும்: 'அப்பா மயக்கமா இருக்கார்.' இந்தச் சொல்லுக்கு நம்மிடம் மூன்று பொருள். தலை சுற்றுகிறதா, தூக்கக் கலக்கமா, கூப்பிட்டால் பதிலே இல்லையா? எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். 'தோளைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கண்ணைத் திறக்கிறாரா சொல்லுங்க' என்று, போனை வைக்காமல் கேட்க வேண்டும். திறக்கவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கிப் பிடித்தபடி 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் இருவர், மயக்கவியல் மருத்துவர் ஒருவர்
திருச்சி